கையைச் சூடாக்கிக்கொண்டு குழந்தையைத் தொடுகிறாரா?

குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவே ஒரு தேயிலைத் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில் 31 வருடம் ஆயாவாக இருந்தேன். என் அம்மா 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து மண்டபம் வழியாக வந்தவர். காப்பகத்தைக் கடைசிவரை 'பிள்ளை மடுவம்' என்றுதான் சொல்லுவார். ஓய்வு பெற்ற பிறகு, வீட்டில் பிள்ளை பார்க்க ஆள் தேடுகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். இந்த மாதம் வந்த கடிதங்களும் அதைப் பற்றியவைதான்.

கேள்வி: வங்கியில் வேலை பார்க்கிறேன். ஐந்து மாதப் பெண் குழந்தை. 26 வார மகப்பேறு விடுப்பு அடுத்த மாதம் முடிகிறது. கணவருக்குக் கோவையில் வேலை, சனி ஞாயிறு மட்டும் வருவார். மாமியாருக்கு ஆஸ்துமா, இந்தக் குளிர் ஆகாது. வேலைக்கு மூன்று பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் பல வீடுகளில் ஆயாவாக இருந்த 55 வயது அக்கா. இன்னொருவர் நர்சிங் உதவியாளர் பயிற்சி முடித்த 23 வயதுப் பெண். மூன்றாமவர் பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து வருகிற அக்கா. நான்கு பிள்ளைகளை வளர்த்தவர், ஆனால் வெளிவீட்டு வேலைக்குப் போனதே இல்லை. யாரை வைத்துக்கொள்வது? அவர்களிடம் என்ன கேட்பது? ராத்திரி தூக்கமே வருவதில்லை.
— வாசகி, குன்னூர்

பதில்: கண்ணு, மூன்று பேரையும் ஒரே நாளில் வரச் சொல்லாதீர்கள். தனித்தனி நாளில், காலை எட்டு மணிக்கு வரச் சொல்லுங்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே பேசுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். ஒரு ஜனவரி மாதம் எங்கள் காப்பகத்துக்கு உதவிக்கு ஆள் எடுக்க வேண்டியிருந்தது. புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்த காலை. முதலில் வந்த பெண் கலகலப்பாகப் பேசினார். வந்த வேகத்தில் "வாடா தங்கம்" என்று என் மடியிலிருந்த குழந்தையை வாங்கினார். அந்த ஜில்லென்ற கை பட்டதும் குழந்தை துள்ளி அழுதது. அடுத்து வந்தவர் அதிகம் பேசவில்லை. நான் கொடுத்த டீ கிளாஸை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். குடித்து முடித்தும் கிளாஸைக் கீழே வைக்கவில்லை. அப்புறம் உள்ளங்கையைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு எழுந்து வந்தார். வந்ததும் தூக்கவில்லை. போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதத்தை மெல்லப் பிடித்தார். குழந்தை அழாமல் அவர் முகத்தையே பார்த்தது. அவரைத்தான் எடுத்தோம், 19 வருடம் என்னோடு வேலை பார்த்தார். அவர் கையில் குழந்தைகள் அழுததே இல்லை என்று சொல்ல மாட்டேன். அழுத பிள்ளையை அவர் ஒரு நாளும் உலுக்கியதில்லை.

"குழந்தை என்றால் பிடிக்குமா?" என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லப் போவதில்லை. இப்படிக் கேளுங்கள்: "பாப்பா அரை மணி நேரமாக அழுகிறாள். பால் கொடுத்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, தோளில் போட்டுத் தட்டியும் நிற்கவில்லை. என்ன செய்வீர்கள்?" 'என்னிடம் எந்தக் குழந்தையும் அழாது' என்கிறவரை நான் எடுக்க மாட்டேன். 'காய்ச்சல் இருக்கிறதா, காதைப் பிடித்துக்கொண்டு அழுகிறதா என்று பார்ப்பேன், முடியாவிட்டால் உங்களுக்குப் போன் பண்ணுவேன்' என்கிறவரிடம் தொடர்ந்து பேசலாம். 'எனக்கே பொறுமை போய்விடும் போலிருந்தால் தொட்டிலில் படுக்க வைத்துவிட்டு வாசல்படியில் இரண்டு நிமிஷம் நின்றுவிட்டு வருவேன்' என்று ஒருவர் சொன்னால் அவரை விட்டுவிடாதீர்கள். அப்படி ஒரு நிலை யாருக்கும் வரும். அதைத் தெரிந்து வைத்திருப்பவர்தான் கோபத்தில் குழந்தையை உலுக்கிவிடாமல் இருப்பார். கைக்குழந்தையை உலுக்கினால் மூளைக்குள் ரத்தம் கசியும், உயிருக்கே ஆபத்து. இதைச் சம்பளம் பேசுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

இனி அந்த மூவர். 55 வயது அக்கா கடைசியாக வேலை பார்த்த வீட்டுக்கு நீங்களே ஒரு நடை போய் வாருங்கள், போன் வேண்டாம். அவரையும் கூட அழைத்துப் போக முடிந்தால் இன்னும் நல்லது. அந்த வீட்டுப் பிள்ளை அவரைப் பார்த்ததும் ஓடி வருகிறதா, ஒதுங்குகிறதா என்பது ஒரு நொடியில் தெரிந்துவிடும். குன்னூர் வீடுகளுக்குப் படி அதிகம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறி இறங்க முழங்கால் ஒத்துழைக்குமா என்றும் பார்க்க வேண்டும். 23 வயதுப் பெண்ணை வயதைக் காட்டி ஒதுக்காதீர்கள். காய்ச்சல் பார்ப்பதும் சுத்தமும் அவருக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்கும். ஆனால் ஆஸ்பத்திரி வேலைக்குக் காத்திருக்கிறாரா என்று நேராகக் கேளுங்கள். எட்டு, ஒன்பது மாதத்தில் குழந்தைக்குப் புது முகம் கண்டால் பயம் அதிகமாகும், அந்த நேரத்தில் கை மாறக்கூடாது.

என் மனம் மூன்றாமவர் பக்கம் சாய்கிறது. வீடு கிட்டத்தில் இருக்கிறது. மண் சரிந்து பஸ் நின்றாலும் நடந்து வந்துவிடுவார். நான்கு பிள்ளைகளை வளர்த்தவருக்குப் பசி அழுகை எது, தூக்க அழுகை எது என்று தெரியும். ஆனால் அவர் தன் பிள்ளைகளுக்குச் செய்த எல்லாவற்றையும் உங்கள் பிள்ளைக்கும் செய்வார், அதைப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். நம் பக்கத்தில் பிறந்த பிள்ளைக்கே மலைத்தேனை நாக்கில் தடவுவார்கள். ஒரு வயது முடியும்வரை தேன் ஒரு சொட்டும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி சிறு குழந்தையின் குடலில் விஷமாகும், பெரியவர்களை அது ஒன்றும் செய்யாது. குளிருக்குப் பயந்து குல்லா, மஃப்ளர், இரண்டு கம்பளி என்று சுற்றித் தூங்க வைப்பதும் உண்டு. தூங்கும்போது கழுத்தில் மஃப்ளர் வேண்டாம், முகத்தருகே கம்பளி வேண்டாம், மல்லாக்கப் படுக்க வையுங்கள். "இது தப்பு" என்று சொன்னால் அவருக்குச் சுருக்கென்று இருக்கும். "டாக்டர் இப்படிச் சொல்லியிருக்கிறார் அக்கா, நாம் ரெண்டு பேரும் இப்படியே செய்வோம்" என்று சொல்லுங்கள்.

தாய்ப்பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போகப் போகிறீர்கள் என்றால், வெளியில் வைத்த பால் 4 மணி நேரம் தாங்கும், ஃப்ரிட்ஜில் 4 நாள் வரை. சூடு பண்ண அடுப்பில் வைக்க வேண்டாம். வெந்நீர்க் கிண்ணத்தில் பாட்டிலை நிறுத்தி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் போதும். குடித்து மிச்சம் வைத்த பாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்துக் கொடுக்கக் கூடாது. வாயால் சொன்னால் மறந்துவிடும். அவர் எதிரிலேயே ஒரு தடவை நீங்கள் செய்யுங்கள், அடுத்த தடவை அவரைச் செய்யச் சொல்லிப் பாருங்கள்.

இப்போது சொல்லப் போவதைத் தயவுசெய்து கணவரையும் படிக்கச் சொல்லுங்கள். குளிருக்குக் கரிச்சட்டியை அறைக்குள் கொண்டுவரக் கூடாது. எங்கள் காப்பகத்திலேயே நடந்தது இது. ஒரு டிசம்பரில் பிள்ளைகள் நடுங்குகிறார்களே என்று உதவிக்கு இருந்த பெண் கனிந்த கரியைச் சட்டியோடு உள்ளே வைத்து ஜன்னலைச் சாத்திவிட்டார். புகை இல்லை, வாடை இல்லை. எனக்குத் தலை வலித்தது, ஜலதோஷம் என்று நினைத்தேன். தூளியில் இருந்த ஒரு பையனைப் பால் குடிக்க எழுப்பினேன், எழவில்லை. கதவைத் திறந்துவிட்டு எல்லாப் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினோம். காற்றுப் பட்டுக் கொஞ்ச நேரத்தில் அவன் கண் திறந்தான். அந்தக் கொஞ்ச நேரத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. கரி எரியும்போது வருகிற கார்பன் மோனாக்சைடு கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. தலைவலி, வாந்தி, மயக்கமான தூக்கம் வந்தால் முதலில் வெளிக்காற்றுக்கு வர வேண்டும், பிறகு 108. அந்தப் பெண் பாசத்தில்தான் செய்தார். யாரும் அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை, நான் உட்பட. அதனால்தான் உங்களிடம் முதல் நாளே சொல்லிவிடச் சொல்கிறேன்.

ஆள் முடிவானதும் உடனே விட்டுவிட்டு ஆபீஸ் போகாதீர்கள். விடுப்பில் கடைசி இரண்டு வாரத்தை இதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் அவர் சும்மா கூட இருக்கட்டும். மூன்றாம் நாள் பால் கொடுக்கட்டும். அப்புறம் நீங்கள் மார்க்கெட்டுக்கு அரை மணி நேரம், அடுத்து இரண்டு மணி நேரம், அடுத்து அரை நாள் வெளியே போய்ப் பாருங்கள். கிளம்பும்போது குழந்தையிடம் சொல்லிவிட்டுப் போங்கள், கண்ணை மறைத்து நழுவ வேண்டாம். இந்த நாட்களுக்கும் முழுச் சம்பளம் உண்டு. பழகுவதும் வேலைதான்.

சம்பளத்தைப் பற்றி இதோடு சொல்லிவிடுகிறேன். அவர் பச்சைத் தேயிலை பறிக்கப் போனால் என்ன நாள் கூலி கிடைக்கும் என்று கேட்டு, அதைவிடக் குறையாமல் கொடுங்கள். வாரத்தில் ஒரு நாள் லீவு. தந்தி மாரியம்மன் தேர், ஹெத்தையம்மன் பண்டிகை, கிறிஸ்துமஸ் என்று அவருக்கு எந்தெந்த நாள் வேண்டும் என்பதை முன்கூட்டியே கேட்டுக் காலண்டரில் குறித்துவிடுங்கள். உடம்பு சரியில்லாத நாளுக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள். பிடித்தால் இருமலை மறைத்துக்கொண்டு வருவார், அது உங்கள் குழந்தைக்குத்தான் வந்து சேரும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை இலவசம், கூடப் போய்ச் செய்து வாருங்கள். சாயங்காலம் ஐந்தரைக்குள் அனுப்பிவிடுங்கள். தேயிலைக்குள் காட்டெருமை நிற்கிறது, கரடி வருகிறது. உங்களுக்கு மீட்டிங் நீண்டுபோனால் அவர் இருட்டில் தனியாக அந்த வழியில் நடக்க வேண்டியிருக்கும். அந்த மாதிரி நாளுக்கு ஆட்டோ செலவு உங்களுடையது.

அடையாள அட்டை நகல் வாங்கிக்கொள்ளுங்கள். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் வீட்டு வேலையாளுக்கான சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம், அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் ரோடு அடைபட்டுக் கணவர் வர முடியாத நாளும் வரும். பக்கத்து வீட்டில் ஒருவரிடம் இன்னொரு சாவியும் உங்கள் ஆபீஸ் நம்பரும் இருக்கட்டும். இவ்வளவும் செய்துவிட்டால் தூக்கம் வரும் கண்ணு.

கேள்வி: கணவன் மனைவி இருவருமே கோத்தகிரியில் ஆசிரியர்கள். இரண்டரை வயது மகனைப் பார்த்துக்கொள்ள ஓர் அக்கா வருகிறார். இதுவரை குறை ஒன்றும் இல்லை. ஆனால் என் அண்ணன், அவருக்குத் தெரியாமல் கேமரா வைக்கச் சொல்கிறார். வைக்கலாமா?
— வாசகர், கோத்தகிரி

பதில்: தெரியாமல் வைக்காதீர்கள் தம்பி. வைக்கத்தான் வேண்டும் என்றால் கூடத்தில் வையுங்கள், "அக்கா, இங்கே கேமரா இருக்கிறது, மகன் என்ன செய்கிறான் என்று இடையில் பார்த்துக்கொள்வோம்" என்று அவரிடமே காட்டிவிடுங்கள். அவர் உடை மாற்றுகிற, ஓய்வெடுக்கிற அறையிலோ குளியலறைப் பக்கமோ வைப்பது குற்றம், வழக்கே வரும். ஒளித்து வைத்தது ஒரு நாள் தெரிந்தால், மறுநாள் அவர் வர மாட்டார். வந்தாலும் உங்கள் மகனை அதே மனதோடு தூக்க மாட்டார்.

கேமராவைவிட உங்கள் மகனே அதிகம் சொல்லுவான். இரண்டரை வயதில் பிள்ளைகள் பார்த்ததையெல்லாம் விளையாட்டில் செய்து காட்டுவார்கள். பொம்மையைக் கையில் கொடுத்து, "பாப்பாவுக்குச் சாதம் ஊட்டு, தூங்க வை" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். எங்கள் காப்பகத்தில் ஒரு சின்னப் பெண் கட்டைப் பொம்மையின் வாயைப் பிடித்து அழுத்தி, "முழுங்கு, முழுங்கு" என்றாள். வீட்டில் யாரோ அவளுக்கு அப்படித்தான் ஊட்டுகிறார்கள் என்று தெரிந்துபோயிற்று. விசாரித்தபோது பாட்டி. பாவம், பிள்ளை மெலிகிறதே என்ற கவலையில் செய்தார்.

நடுவில் ஒரு நாள் பதினோரு மணிக்கு வீட்டுக்கு வந்து பாருங்கள். ஒன்றை மட்டும் கவனித்து வாருங்கள்: வழக்கத்தைவிட அதிக நேரம், எழுப்பினாலும் எழாமல் தூங்குகிறானா? சளி மருந்து கொடுத்தால் பிள்ளை தூங்கும் என்று சிலர் ஒரு மூடி ஊற்றிவிடுகிறார்கள். நான்கு வயதுக்குள் அந்த மாதிரி மருந்தை டாக்டர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது. மருந்து பாட்டில்களைப் பூட்டி வைத்துவிடுங்கள், "மருந்து கொடுப்பது நாங்கள் மட்டும்தான்" என்று சொல்லிவிடுங்கள். குறை ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அந்த அக்காவிடம் எப்போதாவது சொன்னீர்களா? இன்று சாயங்காலம் சொல்லுங்கள்.

கேள்வி: தெரிந்தவர் வீட்டில் 13 வயதுப் பெண் இருக்கிறாள். படிப்பு ஏறவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். எங்கள் வீட்டில் தங்கிக் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளட்டும், சாப்பாடும் துணியும் கொடுங்கள், கல்யாணத்துக்கு உதவுங்கள் என்கிறார்கள். எங்களுக்கும் வசதியாக இருக்கும்.
— வாசகி, பண்ணைக்காடு

பதில்: கூடாது. 14 வயதுக்குள் இருக்கும் பிள்ளையை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 முதலே தடை, சிறைத் தண்டனை வரை போகும். சட்டம் இல்லாவிட்டாலும் இதையேதான் சொல்வேன். 13 வயதுப் பெண்ணும் குழந்தைதான், அவளையே ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் பிள்ளைக்கு வலிப்பு வந்தால் அவள் என்ன செய்வாள்? அதற்கப்புறம் வாழ்நாள் முழுக்க அவள் எதைச் சுமப்பாள்? உங்களுக்கு உதவும் மனம் இருக்கிறது என்று தெரிகிறது. அந்தப் பெண்ணின் பள்ளித் தலைமை ஆசிரியரைப் போய்ப் பாருங்கள், மறுபடி சேர்த்துவிட வழி கேளுங்கள். வேறு யார் வீட்டுக்காவது அவளை அனுப்பப் பார்த்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள். உங்கள் குழந்தைக்கு ஒரு பெரியவரைத் தேடுங்கள்.

கேள்வி: நான் ஆயா வேலை பார்க்கிறேன். மாற்றலில் வந்த ஒரு குடும்பத்துப் பையனை ஒன்றே முக்கால் வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளையை மட்டும் பார்த்தால் போதும் என்றுதான் எடுத்தார்கள். இப்போது சமையல், துணி, விருந்தாளி வந்தால் பாத்திரம் எல்லாம் நான்தான். சம்பளம் அதேதான். "நீ எங்கள் வீட்டில் ஒருத்தி" என்று அன்பாகத்தான் பேசுகிறார்கள், அதனால் கேட்க வாய் வரவில்லை. ஏப்ரலில் ஊரைவிட்டுப் போகிறார்கள். பையன் என்னை அம்மா என்கிறான். நினைத்தாலே நெஞ்சு அடைக்கிறது. இதைப் பக்கத்து வீட்டுப் பெண்ணை வைத்து எழுதுகிறேன்.
— வாசகி, வெலிங்டன்

பதில்: தங்கச்சி, எழுதியதற்கு நன்றி. பிள்ளை பார்க்கிறவர்கள் எழுதும் கடிதம் அபூர்வமாகத்தான் வருகிறது.

அன்பாக இருக்கிறார்கள் என்பது உண்மையாகவே இருக்கலாம். அன்பு இருக்கிற இடத்தில்தான் கணக்கும் பேச முடியும். அவர்கள் அவசரமாகக் கிளம்பும் காலையில் கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பையன் தூங்கும்போது, இப்படிச் சொல்லுங்கள்: "அம்மா, என்னைப் பிள்ளைக்காக எடுத்தீர்கள். இப்போது சமையலும் துணியும் சேர்ந்துவிட்டது. நான் அடுப்படியில் நிற்கிற நேரம் தம்பி தனியாக இருக்கிறான், அது எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த வேலைக்கு வேறு ஆள் வையுங்கள். நானே செய்ய வேண்டும் என்றால் தம்பி தூங்கும் நேரத்தில் மட்டும் செய்கிறேன், அதற்குத் தனியாகக் கொடுங்கள்." இதில் யாரும் கோபப்பட ஒன்றுமில்லை. நடக்கப் பழகிய பிள்ளையை விட்டுவிட்டுக் கொதிக்கும் குழம்பைக் கிளறுவது எவ்வளவு ஆபத்து என்று அந்த அம்மாவுக்கும் புரியும். எட்டு மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போகிறீர்கள் என்பதை ஒரு மாதம் நோட்டில் எழுதி வையுங்கள், பேசும்போது உதவும்.

வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007-இல் வந்தது. 18 முதல் 60 வயது வரை பதிவு செய்யலாம். பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகை, 60 வயதுக்கு மேல் ஓய்வூதியம் இருக்கிறது. ஆதாரையும் ரேஷன் கார்டையும் எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்தில் கேளுங்கள், அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணையும் கூட்டிப் போங்கள்.

பையன் விஷயம். என் கையில் வளர்ந்த பிள்ளைகள் எல்லோருமே ஐந்து வயதில் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். ஒவ்வொரு ஜூனிலும் எனக்கு இரண்டு மூன்று நாள் சாப்பாடு இறங்காது. 31 வருடத்திலும் அது பழகவில்லை, அதனால் உங்களுக்குப் பழகிவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பையனுக்குச் செய்ய வேண்டியது இருக்கிறது. மார்ச் மாதத்திலிருந்தே அவனைத் தூங்க வைப்பதை அவன் அம்மா செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். நீங்கள் எப்படித் தட்டுவீர்கள், எந்தப் பாட்டுக்குக் கண் சொருகுவான், எந்தப் போர்வை வேண்டும் என்று எல்லாவற்றையும் அந்த அம்மாவுக்குச் சொல்லிக் கொடுங்கள். அந்தப் போர்வையைத் துவைக்காமலே மூட்டையில் வைக்கச் சொல்லுங்கள், புது ஊரில் முதல் ராத்திரி அந்த வாசனை அவனுக்கு வேண்டியிருக்கும். கடைசி நாள் ஒளிந்துகொள்ளாதீர்கள். அவனிடம் டாட்டா சொல்லிவிட்டு வாருங்கள்.

உங்களுக்கு ஒரு சான்றுக் கடிதம் வேண்டும். எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, எத்தனை வயதுப் பிள்ளையைப் பார்த்தீர்கள், அவர்கள் போன் நம்பர், கையெழுத்து. வெலிங்டனில் வருடா வருடம் புதுக் குடும்பங்கள் வருகின்றன, அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். சாமான் கட்ட ஆரம்பித்துவிட்டால் வீட்டில் பேனாகூடக் கிடைக்காது, பெட்டிகள் வருவதற்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.